கார் மேட்டுப்பாளையத்திலேயே நிற்கட்டும்

கோவையில் வெயில் சுடத் தொடங்கிவிட்டால் பல வீடுகளில் சனிக்கிழமை இரவுப் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கும். "காலையில நேரமே கிளம்பினா, பொழுது சாயறதுக்குள்ள ஊட்டி போயிட்டு வந்தரலாமுங்க." கேட்பவர்களும் மறுப்பதில்லை. கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர்தான். மூன்று மணி நேரத்தில் சமவெளியின் அனலை விட்டு 2,200 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் போய்விடலாம். எல்லா ஊருக்கும் இப்படி ஒரு மலை பக்கத்தில் வாய்ப்பதில்லை.

இந்த ஒரு நாள் பயணத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. 'வந்தால் இரண்டு நாள் தங்க வேண்டும், இல்லாவிட்டால் வரக் கூடாது' என்பது அவர்கள் வாதம். அது வசதியானவர்களின் வாதம். பம்ப் செட் கம்பெனியிலும் லேத் பட்டறையிலும் பனியன் ஆலையிலும் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் விடுமுறை ஒரு நாள். பிள்ளைகளோடு போய் அறை எடுத்துத் தங்கலாம் என்றால், மே மாதத்தில் ஊட்டியில் கேட்கிற வாடகை பலருடைய கைக்கு எட்டாது. காலையில் ஏறி மாலையில் இறங்குவதுதான் கொங்கு மண்டலத்து நடுத்தரக் குடும்பத்தின் கோடை விடுமுறை. அதைப் பறிப்பது நியாயமில்லை.

பயணி மேலே வரட்டும். அவர் ஏறி வரும் கார்தான் மலைக்குப் பாரமாகிறது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் சுமார் 7.35 லட்சம் பேர். அடிவாரத்தில் இருக்கும் கோவை மாவட்டத்தில் மட்டும் 34.5 லட்சம் பேர். இதோடு திருப்பூர், ஈரோடு, சேலத்துக்காரர்களும் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்களும் சேர்கிறார்கள். சீசனில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவற்றில் பாதிக்கும் மேல் கார்கள். அதன் பிறகுதான் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அதுவும் போதாது என்று 2025 கோடைக்கு நீதிமன்றம் ஒரு வரம்பே விதித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

இந்த வரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வர்க்கி சுடுகிறவர், சாக்லேட் விற்கிறவர், தைலக் கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், சாலையோரம் கேரட்டைக் கழுவிக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்து விற்கும் பெண்கள் என்று எல்லாருக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் ஆண்டு முழுவதற்குமான வரும்படி. வண்டி குறைந்தால் ஆளும் குறைவார்கள் என்று அவர்கள் அஞ்சுவது இயல்பு.

ஆனால் நீதிமன்றம் வரம்பு போட்டது வாகனத்துக்குத்தான், மனிதருக்கு அல்ல. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் கிடையாது. காருக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் 8,000 காரில் 32,000 பேர் மேலே வரலாம். அதே 32,000 பேரை ஏற்றிவர ஐம்பது பேர் உட்காரும் பேருந்துகள் 640 நடை அடித்தால் போதும். 8,000 வண்டி எங்கே, 640 வண்டி எங்கே! ஆள் குறையாமல் வண்டியைக் குறைக்க வழியிருக்கிறது. வணிகர்களும் நீதிமன்றமும் சூழலியலாளர்களும் ஒத்துப்போகக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையைப் பழகியவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் இறக்கத்திலும் மூன்றாவது, நான்காவது கியரில் வந்து, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார். காட்டேரி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பிரேக் லைனிங் கருகும் வாடை ஜன்னல் வழியே வரும். மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிக் காவல் துறை எச்சரிப்பது இதனால்தான். பல்லாயிரம் முறை இறங்கிய அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அவர் இஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்குவார். விடியற்காலையில் எழுந்து, நாள் முழுக்க ஓட்டி, பொழுது சாய்ந்த பிறகு தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் குடும்பத் தலைவரிடம் அந்தப் பழக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

மலைச்சாலை யாரையும் மன்னிப்பதில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பேருந்து, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது மரப்பாலம் அருகே பள்ளத்தில் உருண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். அது வெளியூரிலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து. ஆகவே பேருந்து என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அந்தச் சாலையை நாள்தோறும் ஓட்டும் கை வேண்டும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மலைச்சாலையைப் பழகிய ஓட்டுநரின் பேருந்தில் ஏறுங்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சீசன் நெரிசலைச் சமாளிக்க மாவட்டக் காவல் துறை ஒருவழிப் பாதை ஏற்பாடு செய்கிறது. ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி. போக்குவரத்துக்கு இது உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோத்தகிரிச் சாலை குஞ்சப்பனைக் காட்டுக்குள் போகிறது. கோடையில் பலா பழுக்கும்போது அந்த வாசனைக்கு யானைகள் குட்டிகளோடு சமவெளிக் காட்டிலிருந்து அங்கே ஏறி வரும். ஒரு நாள் பயணிகள் அத்தனை பேரும் கீழே இறங்குகிற மாலைப் பொழுதுதான் யானை சாலையைக் கடக்கும் நேரமும். விளக்கும் ஹாரனும் வரிசை கட்டி நிற்க, தாய் யானை குட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு சாலையோரத்தில் காத்து நிற்பதும், காரிலிருந்து இறங்கிச் சிலர் கைப்பேசியில் படம் பிடிப்பதும் அங்கே அடிக்கடி நடக்கிறது. குன்னூர்ச் சாலையின் அடியில் கல்லாறும் யானை வழித்தடம்தான். இரண்டு பக்கமும் யானையின் பாதை. நடுவில் ஆயிரக்கணக்கான கார்கள்.

உள்ளூர்க்காரர்களின் பாடு தனிக் கதை. உயர் சிகிச்சைக்கு நீலகிரி நோயாளிகள் நெடுங்காலமாகக் கோவை அரசு மருத்துவமனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கி நிற்க மலைச்சாலையில் இடமேது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தோட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் லாரிகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஊட்டி சேரிங் கிராஸில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாலையைக் கடக்க ஒரு படுகர் மூதாட்டி எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை, காருக்குள் இருப்பவர் ஒரு முறை கண்ணாடியை இறக்கிப் பார்க்கலாம்.

சரி, இத்தனை பேருக்குத் தொல்லை கொடுத்துவிட்டுப் போகிறவராவது நிறைவாக எதையும் பார்க்கிறாரா என்றால், அதுவும் இல்லை. சீசன் ஞாயிறன்று காலை ஆறு மணிக்குக் கோவையை விட்ட கார் சோதனைச்சாவடி, பர்லியாறு, குன்னூர் என்று ஊர்ந்து ஊர்ந்து ஊட்டி சேரப் பதினொன்று ஆகிவிடுகிறது. நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் போகிறது. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்றால் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை அத்தனையும். மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் சதுப்பு நிலத்தைத் திருத்தி, பத்தாண்டு காலம் பாடுபட்டு உருவாக்கியது அந்தப் பூங்கா. 1848-ல் தொடங்கியது, 22 ஹெக்டேர். அதன் வாசலில் டிக்கெட் வாங்கி, புல்வெளியில் நான்கு படம் எடுத்து, "நேரமாச்சு" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேல் அடுக்கில் இருக்கும் மரங்களைப் பார்க்க ஆளில்லை.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஊட்டி வரை போக வேண்டியதில்லை. குன்னூரோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவோ மேல். கோவைக்காரர்களுக்கு இந்த ஆலோசனை கசக்கும். மலை என்றாலே ஊட்டி என்று பழகிவிட்டோம். ஆனால் குன்னூர் 1,850 மீட்டர் உயரம். குளிர் இதமாக இருக்கும், மூச்சிரைக்காது. 1874-ல் உருவான சிம்ஸ் பூங்கா பேருந்து நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சரிவில் படிப்படியாக இறங்கும் அந்தப் பூங்காவில் பெரிய பெரிய மரங்களின் நிழலில் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். அங்கே ருத்ராட்ச மரமும் உண்டு. கீழே விழுந்து கிடக்கும் நீல நிறக் காயைப் பிள்ளைகள் பொறுக்கி, தோலை உரித்து, உள்ளிருக்கும் கொட்டையைத் தாத்தாவின் கழுத்து மாலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குன்னூர் மார்க்கெட்டில் அவகேடோவும் பிளம்ஸும் வாங்கலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கோத்தகிரி இருக்கிறது. அதையடுத்த கன்னேரிமுக்கில் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. இன்றைய நீலகிரி நகரங்களின் கதை அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

போகும் வழியே பயணமாக இருக்க வேண்டும் என்றால் மலை ரயில்தான். சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு ரயில் அதிகாலையில் கோவையைத் தொட்டு மேட்டுப்பாளையம் போய்ச் சேர்கிறது. அதற்கு இணைப்பாகத்தான் காலை 7.10-க்கு மலை ரயில் கிளம்புகிறது. குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன், கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது எல்லாரும் இறங்கி டீ குடிப்பார்கள், வடையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவார்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் இது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இதற்காகவே வருகிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கோவையில் இதில் ஏறாமலே வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். குன்னூரில் பத்தரை மணி வாக்கில் இறங்கிக்கொண்டு, மாலையில் பேருந்தில் திரும்பினால் ஒரு நாள் கச்சிதமாக முடிந்துவிடும். டிக்கெட்டை மட்டும் வெகு முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மழை என்றதும் இன்னொன்று. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மண்ணில் கார்களுக்காக மலையைக் குடைந்து சாலையை அகலப்படுத்திக்கொண்டே போக முடியாது. வண்டி நிறுத்தச் சரிவை வெட்டிச் சமமாக்கவும் முடியாது. வெட்டிய இடமெல்லாம் அடுத்த மழைக்குப் பதில் சொல்லும்.

கோவைக்காரர்களுக்கு மலையோடு இன்னொரு உறவும் உண்டு. மாநகரின் குடிநீரில் பெரும்பங்கு பில்லூர் அணையிலிருந்து வருகிறது. மேல் பவானி, அவலாஞ்சிப் பக்கத்து மழைதான் குந்தா ஆறாகவும் பவானியாகவும் ஓடி அந்த அணையில் சேர்கிறது. குன்னூர் மலைப்பாதையில் வீசியெறியும் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் ஓடை வழியே இறங்கி மேட்டுப்பாளையத்தில் பவானியில் கலக்கின்றன. அதற்குக் கீழே பவானிசாகர், அதை நம்பி ஈரோட்டு விவசாயம். பிளாஸ்டிக்கை ஒழிக்கத் தமிழகத்தில் முதலில் இறங்கிய மாவட்டங்களில் ஒன்று நீலகிரி. 2000-களின் தொடக்கத்தில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு 'ஆபரேஷன் புளூ மவுண்டன்' என்ற பெயரில் அந்த வேலையைத் தொடங்கினார். இன்றைக்குச் சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. சோதனைச்சாவடியில் பாட்டிலைப் பறிமுதல் செய்கிறார்கள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலை வளைவுகளின் ஓரத்தில் உணவுப் பொட்டலமும் கப்பும் கிடக்கின்றன. ஒவ்வொரு காரையும் திறந்து பார்ப்பது எந்தச் சாவடிக்கும் ஆகாத காரியம். ஒரு பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களின் பையைச் சோதிப்பது ஆகும் காரியம்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னால் மக்கள் கேட்பார்களா? தமிழ்நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், சபரிமலையில். 2018 வெள்ளத்தில் பம்பைக் கரை சிதைந்த பிறகு, பெரும்பாலான வண்டிகள் நிலக்கல்லிலேயே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. மாலை போட்ட நம் ஊர்ச் சாமிகள் இருமுடியோடு அதில் ஏறித்தான் போகிறார்கள். மும்பைக்காரர்களின் ஒரு நாள் மலை ஊரான மாத்தேரானில் விதி இன்னும் கடுமை. தஸ்தூரி நாக்காவைத் தாண்டிச் சுற்றுலாக் கார்கள் போகக் கூடாது. அதற்கு மேல் நடை, குதிரை, குட்டி ரயில் போன்றவைதான். ஊர் வெறிச்சோடிப் போய்விடவில்லை. வார இறுதியில் கூட்டம் அலைமோதுகிறது.

கோவையிலோ பேருந்தில் போக நினைப்பவருக்கு இப்போது கிடைக்கும் மரியாதை போதாது. மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்துக்கு மே மாத ஞாயிறு காலை போய்ப் பார்க்க வேண்டும். ஊட்டி வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் அதன் பின்னால் ஓடும். ஜன்னல் வழியே கர்ச்சீப், துண்டு, தண்ணீர் பாட்டில், சில வேளைகளில் சின்னப் பையனே உள்ளே போவான், இடம் பிடிக்க. கைக்குழந்தைக்காரியும் முட்டி வலிக்காரரும் கடைசியில் ஏறி, மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி நிற்க வேண்டும். திரும்பும்போது ஊட்டியிலும் இதே கதை. இதை ஒரு முறை பட்டவர் அடுத்த முறை கடன் வாங்கியாவது காரில்தான் வருவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எனவே முதல் அடி அரசு எடுத்து வைக்க வேண்டியது. மேட்டுப்பாளையத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கும் அளவுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் ஒன்று, கழிப்பறையோடும் குடிநீரோடும் வேண்டும். அங்கிருந்து குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்குச் சீசன் முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓட வேண்டும். போக வர ஒரே சீட்டு, உட்கார இடம் உறுதி, ஊரில் இருந்தபடியே முன்பதிவு. மேலே போனதும் பூங்காக்களுக்கு இடையே சுற்றி வரும் பேருந்து வேண்டும். ஊட்டியில் சீசன் நேரத்தில் அப்படி ஓட்டிய அனுபவம் போக்குவரத்துக் கழகத்துக்கு இருக்கிறது. அதைக் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நீட்டினால் ஊட்டியின் நெரிசலும் கொஞ்சம் பரவும், அந்த ஊர்களின் கடைக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். இ-பாஸ் எண்ணிக்கையில் மேலே தங்க அறை எடுத்தவருக்கும், நடக்க முடியாத முதியவரோடு வருகிறவருக்கும் முன்னுரிமை தரலாம். மாலையில் திரும்புகிறவரைப் பேருந்துப் பக்கம் திருப்பலாம். நல்ல பேருந்தைக் கொடுத்த பிறகுதான் காருக்குக் கதவடைக்க வேண்டும். வரிசை மாறினால் மக்களின் கோபம் நியாயமாகிவிடும்.

இவையெல்லாம் அடுத்த ஏப்ரலுக்குள் செய்யக்கூடிய வேலைகள். சுரங்கம் தோண்டவோ மேம்பாலம் கட்டவோ வேண்டியதில்லை. அதுவரை காத்திருக்க முடியாத கோவைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீசன் முடிந்து பர்லியாறில் மங்குஸ்தான் வரும் நாட்களில், ஒரு வார நாளில், காரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குன்னூர் பேருந்தில் ஏறுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் வேண்டியதில்லை.